காப்புக்கட்டுப் பூக்களைத் தேடி மூலனூர் வரை

கார்த்திகை மாதக் கடைசியில் வாசகர் ஒருவரின் கேள்வி என் கைக்கு வந்தது. ‘ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துத் தினமும் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்து வரப்பில் நிறைய இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே குடிக்கலாமா?’ என்று கேட்டிருந்தார்.

வழக்கமாக இதுபோன்ற கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடுவேன். இதற்கு மட்டும் உடனே எழுதக் கை வரவில்லை. மூலனூர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான விவசாயி ஒருவர் இருக்கிறார். அவரும் இதே கேள்வியைத் தனக்குள் கேட்டு, பதிலையும் தானே முடிவு செய்துகொண்டவர். அவரைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போகியன்று காலையில்தான் கிளம்ப முடிந்தது.

பேருந்து நிலையத்தில் ஒரு கட்டு 20 ரூபாய்

தாராபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மஞ்சளும் வெள்ளையும்தான். சாலையோரம் சாக்கை விரித்து, ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் குவித்திருந்தார்கள். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழியின் கடைசி நாளில் வீட்டு நிலை, கூரை, மாட்டுத் தொழுவம், கிணற்று மேடு, காட்டு மூலை எல்லா இடத்திலும் இந்தக் கொத்தைச் செருகுவது இங்கே வழக்கம். இதைத்தான் காப்புக் கட்டுவது என்கிறோம். சில ஊர்களில் தும்பை, பிரண்டை, மாவிலையும் சேர்வதுண்டு.

விற்ற அம்மாவிடம் “எங்கிருந்துங்க வருது?” என்று கேட்டேன். “நாங்க பறிக்கறதில்லீங்க. வண்டியில கொண்டாந்து போட்டுட்டுப் போறாங்க. முன்னெல்லாம் இதைக் காசு குடுத்து ஆரு வாங்கினா? எங்க காட்டு வரப்புலயே கெடக்கும்” என்றார். கட்டு 20 ரூபாய். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கிராமத்து ஆட்கள். ஊருக்குத் திரும்பும் விவசாயி காப்புக் கொத்தைப் பட்டணத்தில் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். அது மனத்தில் உறுத்திக்கொண்டே வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கொறங்காட்டு வழியே

தாராபுரத்தைவிட்டுக் கிழக்கே போகப் போக அமராவதிப் பாசனத்தின் பச்சை பின்னால் போய்விடும். செம்மண்ணும் சரளையும் தொடங்கும். இருபுறமும் கிளுவை வேலி. வேலிக்குள் கொறங்காடு. ஏர் ஓட்டாமல், மருந்து அடிக்காமல், மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம் அது. கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கயம் மாடு உருவானதே இந்த மேய்ச்சலில்தான்.

ஆவாரம் பூத்திருப்பது பேருந்து ஜன்னலிலிருந்தே தெரிந்தது. மழை குறைந்த மண்ணில் தண்ணீர் கேட்காமல் பூக்கிற செடி. ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்கிற பொருளில் பழமொழியே உண்டு. அந்தக் காலத்தில் இதன் பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். இதன் தழையை வயலில் மிதித்து உரமாக்கினார்கள். பூவைப் பாசிப்பயற்றோடு அரைத்துத் தேய்த்துக் குளித்தார்கள். சித்த மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்குச் சொல்லப்படும் குடிநீருக்கு ஆவாரைக் குடிநீர் என்றே பெயர்.

பழமொழியை நாம் பிடித்துக்கொண்டோம், குடிநீரின் செய்முறையை விட்டுவிட்டோம். ஆவாரைக் குடிநீரில் இருப்பது ஆவாரை மட்டுமில்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று மொத்தம் ஏழு சரக்குகள் அதில் சேர்கின்றன. வைத்தியர் நாடி பார்த்து, ஆளுக்குத் தகுந்து கொடுத்த மருந்து அது. வரப்பில் பறித்த பூ மட்டும் அந்த மருந்தாகிவிடாது.

செருப்புக்குள் நாலு விரல்

“வாங்க சார், வாங்க. போகி நாளும் அதுவுமா வந்திருக்கறீங்க. காப்புக் கட்டிப்போட்டுத்தான் போகோணும்” என்று வாசலிலேயே நின்று வரவேற்றார் நண்பர். எனக்கு மூத்தவர். அறுபதைத் தாண்டிவிட்டார். நடையில் லேசான சாய்வு. வலது காலில் முன்பக்கம் மூடிய செருப்பு. உள்ளே விரல்கள் நாலுதான்.

நடந்ததை அவர் மனைவிதான் சொன்னார். சர்க்கரைக்கு இரண்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாரோ சொன்னார்கள் என்று ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். முதல் மாதம் இரண்டையும் சேர்த்துக் குடித்தார். பரிசோதித்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. உடனே மாத்திரையை நிறுத்திவிட்டார். அதோடு பரிசோதனையையும் நிறுத்திவிட்டார். ஏழு மாதம் ஓடியது. கொறங்காட்டில் வேலமுள் ஒன்று செருப்பைத் துளைத்துக் கட்டைவிரலுக்குள் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை.

“முள்ளு ஏறினா வலிக்கோணுமில்லீங்க சார்? எனக்கு வலிக்கவே இல்லீங்க. அதுதான் வினையே” என்றார்.

மூன்றாம் நாள் விரல் கறுத்திருந்ததை மனைவி பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

சர்க்கரை கூடிக்கிடந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். புண் வருவதும் தெரியாது, வந்தது ஆறவும் செய்யாது. வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் காட்டில் நடக்கிற நம் ஆட்களுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய ஆபத்து.

ஆவாரம்பூ பொய் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை ஏற்றப்பட்ட எலிகளுக்கு இந்தப் பூவின் சாற்றைக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் கவனம் வேண்டும் என்கிறேன். அது வேலை செய்கிற பொருளாக இருந்தால், மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றி விழவும் வாய்ப்புண்டு. மாத்திரையை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பினால் என் நண்பருக்கு நேர்ந்தது நேரலாம்.

ஒரே தோட்டத்தில் இன்னொரு பூ

நண்பருக்கு ஒரு ஏக்கரில் கண்வலிக் கிழங்கு இருக்கிறது. நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் முதலில் வருவதும் இதுதான். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இது பணப்பயிர். ஆடியில் நட்ட கிழங்கு கொடியாகி, கிளுவைக் குச்சியும் கம்பியும் பற்றி ஏறி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறி மாறிப் பூத்து முடிந்துவிட்டது. நான் போனபோது காய் பறிப்பு. வாசலில் சாக்கு விரித்து நெற்றுகளை உலர்த்தியிருந்தார்கள். உள்ளே செம்மஞ்சள் விதைகள். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிற சரக்கு. ஆனால் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கி ஆளைச் சோதிக்கும்.

இந்தப் பூவில் சூலகத் தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளைவிட்டு விலகி நிற்கும். காற்றையும் பூச்சியையும் மட்டும் நம்பினால் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைக்கிறார்கள். அந்தக் கைவேலையில்தான் விதையே கிடைக்கிறது.

விதையில் இருப்பது கோல்சிசின். ஐரோப்பாவில் இதே குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து 1820-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் மூட்டு வீங்கித் துடிக்கும் நோய்க்கு இது மருந்து. செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1937-ல் தெரியவந்தது. விதையில்லாத் தர்பூசணி உருவாக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இதன் மாத்திரை ஒன்றில் இருக்கும் மருந்தின் அளவு அரை மில்லிகிராம். அதைவிடக் கொஞ்சம் கூடினாலே வயிற்றுப்போக்கு. நன்றாகக் கூடினால் உயிர் போகும். இந்தச் செடியின் கிழங்கும் விதையும் மட்டுமில்லை, எல்லாப் பாகமுமே விஷம்தான். எளிதில் கிடைக்கிற முறிவு மருந்தும் கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. நண்பர் வீட்டில் விதைக்கிழங்கைத் தனி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். சமையல் சாமான் பக்கமே கொண்டுபோவதில்லை. கண்வலி பயிரிடும் எல்லோரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். நெற்று உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

நண்பர் சொன்னார்: “இதோட வேகம் தெரியுமுங்க. அதனால தொடவே பயப்படறோம். ஆவாரம்பூ சாதுன்னு நெனச்சனுங்க. அதுதான் என்ற தப்பு.”

நான் சொல்லிக்கொடுத்த சுத்தம்

மாலையில் காப்புக்குப் பூப் பறிக்கக் கிளம்பினோம். தோட்டத்து வரப்புகள் மொட்டையாகக் கிடந்தன. ஒரு செடி இல்லை. “இங்கே எல்லாம் பூளைப்பூ வெள்ளையா மண்டிக் கிடக்குமே?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “நீங்க சொன்னதுதானுங்களே சார்.”

உண்மைதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் நான் பேசாத கூட்டம் இல்லை. ‘வரப்பைச் சுத்தமாக வையுங்கள், களை இருந்தால் பூச்சி தங்கும், அறுக்க ஆள் இல்லையென்றால் களைக்கொல்லி அடியுங்கள்’ என்று ஊர் ஊராகச் சொன்னவன் நான். கல்லூரிப் பாடத்தில் சிறுபீளையும் தும்பையும் களைப் பட்டியலில் இருந்தன. அவற்றுக்கு வேறு பயன் உண்டா என்று நானும் கேட்கவில்லை, பாடமும் சொல்லவில்லை. பயிருக்குள் வந்தால் அவை களைதான், அதில் மாற்றமில்லை. வரப்பில் இருந்ததையும் சேர்த்து அழிக்கச் சொன்னது என் தவறு. காலையில் பேருந்து நிலையத்தில் உறுத்தியது இதுதான்.

இதில் நட்டம் காப்புக்கு மட்டுமில்லை. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் சிறு துளை வழியாக உதிரும். கருவண்டு வந்து பூவைப் பிடித்து அதிர வைத்துத்தான் அதை எடுக்கும். முருங்கைப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதிலும் இதே கருவண்டுக்கு முக்கியப் பங்கு. மூலனூர்ப் பக்கம் முருங்கை எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். வரப்பில் வண்டுக்குத் தீனி இல்லாமல் செய்துவிட்டு, முருங்கையில் பூ கொட்டுகிறது என்று என்னிடமே கேள்வி எழுதுகிறார்கள்.

கடைசியில் பூ கிடைத்தது கொறங்காட்டு வேலியோரத்தில்தான். மருந்து படாத நிலம் என்பதால் அங்கே எல்லாம் இருந்தது.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆவாரை: மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை இல்லை. ஆவாரை இலைக் காம்பின் அடியில் காது மடல் போல ஒரு சிற்றிலை ஒட்டியிருக்கும். சிறு இலைகள் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி, நுனி மழுங்கியிருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிதாக இருக்கும். பேயாவாரை என்ற செடியும் மஞ்சளாகத்தான் பூக்கும். அதில் இலைகள் நாலைந்து ஜோடிதான், நுனி கூராக இருக்கும், கசக்கினால் கெட்ட வாடை வரும். அதன் காயைத் தின்று உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த பின்புதான் பறிக்க வேண்டும்.

பூளைப்பூ என்கிற சிறுபீளை: சிறுநீரை நன்றாகப் பிரியவைக்கும் என்பதால் சிறுநீரகக் கல்லுக்கு இதன் கஷாயத்தைக் குடிப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கல், தண்ணீர் நிறையக் குடித்தாலே பெரும்பாலும் வெளியேறிவிடும். பெரிய கல்லைக் கஷாயம் கரைக்கும் என்று காத்திருந்தால் சிறுநீரகம் வீங்கிப்போகும். காய்ச்சலோடு இடுப்பு வலி வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

தும்பை: சளிக்குப் பாலில் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். அதன் சாற்றைக் கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் விடுவதை மட்டும் கைவிடுங்கள். மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும்.

வேப்பம்பூ: சித்திரையில் மரத்தடியில் துணி விரித்து, உதிர்வதை எடுத்து நிழலில் காயவையுங்கள். ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும்.

எந்தப் பூவானாலும் சாலையோரத்தில் பறிக்காதீர்கள். வண்டிப் புகையும் தூசியும் படிந்திருக்கும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த வரப்பிலும் வேண்டாம். பனி உலர்ந்த பிறகு காலையில் பறித்து, காம்பும் பூச்சியும் நீக்கி, நிழலில் மெலிதாகப் பரப்பித் தினமும் புரட்டிவிடுங்கள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை வீட்டுக்கும் வைக்காதீர்கள், நாட்டு மருந்துக் கடைக்கும் போடாதீர்கள்.

கேள்விக்கு என் பதில்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆவாரம்பூ குடிக்க விரும்பினால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால், காய்ந்த பூ ஒரு தேக்கரண்டி போட்டு, ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, காப்பி, டீக்குப் பதிலாக ஒரு வேளை குடிக்கலாம். சர்க்கரை போட்டுக் கெடுக்கவேண்டாம். சிலருக்கு வயிறு இளகும், அப்படியானால் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ரத்தப் பரிசோதனையை ஒரு தடவையும் தவறவிடாதீர்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். தினமும் படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கண் தெரியாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் வரப்பில் இருக்கும் ஆவாரஞ்செடியை வெட்டாமல் வைத்திருங்கள்.

இருட்டும் நேரத்தில் நண்பர் காப்புக் கட்டினார். வீட்டு நிலையில் ஒன்று, தொழுவத்தில் ஒன்று, மோட்டார் அறைக் கதவில் ஒன்று. கிணற்று மேட்டை ஒட்டிய வரப்பில் கடைசிக் கொத்தைச் செருகிவிட்டு, “இந்த ஒரு வரப்புக்கு இனி மருந்து அடிக்கறதில்லீங்க சார். வேலியோரத்துல இருந்து பூளைப்பூ விதையக் கொண்டாந்து தூவி உடறேன். அடுத்த போகிக்கு வந்து பாருங்க” என்றார்.

கிளம்பும்போது அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “ராத்திரி மாத்திரை போட்டீங்களா?” அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். காலையில் நான் 20 ரூபாய் கொடுத்து வாங்கிய கொத்து என் பையில் அப்படியே இருந்தது. கூடவே அவர் கொறங்காட்டில் பறித்துக் கொடுத்த கொத்தும் இருந்தது. வீட்டு நிலையில் அவர் கொடுத்ததைத்தான் கட்டினேன்.